முக்காடும் முழங்காலும்

தமிழில் துருக்கி சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்களில் முதலிடம் எனக்குத்தான். கடைசி இடமும் எனக்குத்தான். வரிசையில் வேறு யாரும் இல்லை.

இந்தத் துறைக்கு அறிவுத் தாகம் என்னை இழுத்து வரவில்லை. வெயில்தான் இழுத்து வந்தது. ஒரு மே மாதம், சென்னையில் எங்கள் வீட்டு ஏ.சி. உயிரை விட்ட வாரத்தில், பக்கத்துத் தெருவில் இலவசத் துருக்கிப் படவிழா நடந்தது. ஐந்து நாள், ஒன்பது படம், அரங்கில் நல்ல குளிர். ஏழாவது படத்தில் பாதித் தூக்கத்தில் ஒன்றைக் கவனித்தேன். கதையில் முக்காடு போட்ட பெண் வந்தால் காமிரா அவளைக் கொண்டுபோய் ஜன்னலோரம் நிறுத்திவிடுகிறது. அவளும் வெளியே பார்க்கிறாள். வெளியே ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்துக்குள் முக்காட்டோடு போகக் கூடாது என்ற தடை, தடைக்குப் பயந்து முக்காட்டின் மேலேயே சவுரி வைத்துக்கொண்டு போன மாணவிகள், கிராமத்துக் கிழவிகளின் முடிச்சு, நகரத்துப் பெண்களின் ஊசி என்று தேடித் தேடிப் படித்தேன். கட்டுரை தொடர் ஆயிற்று. தொடர் புத்தகமாகிக்கொண்டிருந்தது.

இந்தப் புத்தகம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இருபத்தைந்து வருடமாக நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவன் நான். கல்யாண வீட்டில் நான் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிடுகிறார்கள். ஒரு நண்பரின் இரங்கல் கூட்டத்தில் "அவர் மிக நல்லவர்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஐம்பத்து நான்கு வயதில், யாரும் சிரிக்காத ஒரு புத்தகம் எழுதிவிட வேண்டும் என்பது என் வைராக்கியம். அட்டைக்காக மோவாயில் கை வைத்துப் படம்கூட எடுத்தாகிவிட்டது. பதிப்பாளர் சம்பந்தம், "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் சரின்னு சொல்லிடுங்க, அச்சுக்கு அனுப்பிடறேன்" என்று கெடு வைத்திருந்தார்.

அந்த வாரம்தான் மலேசியாவின் ஜொகூர் அழைத்தது.

அழைத்தவர் குமரேசன். அங்கே மாசாயில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். சனிக்கிழமைதோறும் குடியிருப்புக் கூடத்தில் இருபது முப்பது பேரைச் சேர்த்து உலகப் படம் காட்டுபவர். என் தொடரை இணையத்தில் படித்திருக்கிறார். "சார், இங்க பொம்பளைங்க எல்லாம் துருக்கி சீரியல்தான் பாக்கறாங்க. நீங்க வந்து பேசினா நல்லா இருக்கும்லா" என்றார். கடல் கடந்து என்னைப் பேச அழைத்த முதல் ஆள். பையை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை பேருந்து நிலையத்தில் குமரேசன் மோட்டார் சைக்கிளோடு நின்றார். நாற்பது வயது, வலது காலை லேசாகத் தாங்கி நடந்தார். சட்டைக்கு மேல் ஒரு ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாகப் போட்டிருந்தார். அவசரத்தில் வந்திருக்கிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எனக்கும் ஒன்றை நீட்டினார்.

"முதுகுப் பக்கம் முன்னாடி வர்ற மாதிரி போடுங்க சார்."

"ஏன்?"

"காத்து முன்னாடிதானே அடிக்குது?"

யோசித்துப் பார்த்தால், நம் ஊரில் இத்தனை கோடிப் பேர் வண்டி ஓட்டுகிறோம், இந்தச் சிறு தர்க்கம் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனால் பின்னால் பித்தான் போட முடியாமல் ஜாக்கெட் சிறகாக விரிய, தலையில் ஹெல்மெட்டோடு நான் உட்கார்ந்திருந்த கோலத்தைச் சாலையோரக் கண்ணாடிக் கடை ஒன்றில் பார்த்தேன். அறுவைச் சிகிச்சையிலிருந்து தப்பி ஓடிவந்த நோயாளி போல இருந்தேன்.

பாதி வழியில் மழை. இங்கே மழை தூறிவிட்டுப் பெய்வதில்லை, கொட்டித்தான் ஆரம்பிக்கிறது. சாலையில் போன அத்தனை மோட்டார் சைக்கிள்களும், யாரோ விசில் ஊதியது போல, ஒரு மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கின. ஐம்பது அறுபது பேர் இருப்போம். யாருக்கும் எரிச்சல் இல்லை. ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் சாப்பிட ஆரம்பித்தார். தேங்காய்ப்பால் சோறு, பக்கத்தில் மிளகாய்ச் சாந்து. எனக்கும் பாதியை நீட்டினார். மலாய்க்காரர். எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார். குமரேசன் சொன்னார். அவர் முகம் மாறியது. குமரேசன் மொழிபெயர்த்தார்:

"அவரு பொண்டாட்டி தினம் அஞ்சு மணிக்குத் துருக்கி சீரியல் முன்னாடி உக்காந்தா ஏழு மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்களாம். அதான் வெளிய சாப்புடறாராம். துருக்கிக்காரங்களுக்கு நீங்க தெரிஞ்சவருன்னா நிறுத்தச் சொல்லுங்கன்றாரு."

முயற்சி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

குமரேசன் வீடு மாடிக் குடியிருப்பின் நான்காவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் சென்னையை விட்டு வந்த உணர்வே இல்லை. அவர் மனைவி வசந்தா கதவைத் திறந்தார். தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாடிப்படி முழுக்க எடது காலத்தான் முன்னாடி வச்சு ஏறியிருப்பீங்க, இல்ல?" என்றார். ஆமாம், எப்படித் தெரிந்தது என்றேன். "சத்தம் கேட்டுச்சு" என்று தட்டை எடுத்து வைத்தார்.

தட்டில் இருந்தது ஜொகூர் லக்சா. மீன் குழம்பு, மேலே வெள்ளரியும் கீரையும், அடியில் இத்தாலிய ஸ்பெகட்டி. ஐரோப்பா போய்வந்த பழைய சுல்தான் ஒருவர் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். கையால்தான் சாப்பிட வேண்டுமாம். ஸ்பெகட்டியைப் பிசைந்து உருட்ட முயன்று பார்த்தேன். அது பிசைபடுகிற பொருள் இல்லை. சட்டையில் பாதி, வாயில் பாதி. ஆனால் அந்தப் பாதிக்காகவே இன்னொரு முறை விமானம் ஏறலாம்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடத்தில் முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். பாதிப்பேர் வசந்தாவின் தொழிற்சாலைத் தோழிகள். முன்வரிசையில் நோராய்னி. வசந்தாவோடு பன்னிரண்டு வருடம் ஒரே உற்பத்தி வரிசையில் வேலை பார்ப்பவர். இளஞ்சிவப்பு முக்காடு, பெரிய சிரிப்பு. முக்காட்டுக்கு இங்கே துடோங் என்று பெயர். வசந்தா அவரைக் காக் என்று கூப்பிட்டார். அக்கா என்று பொருள். எல்லாரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். "அங்கிள்" என்று சொன்னார்கள். அதைப் பொருட்படுத்தாமல் ஆரம்பித்தேன். தமிழ் தெரியாதவர்களுக்கு வசந்தா மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பழைய கிராமத்துப் படங்களில் முக்காடு, வீட்டில் அம்மி இருப்பது மாதிரி. யாரும் அதைக் கவனிப்பதில்லை. பிறகு வந்த நகரத்துப் படங்களில் வேலைக்காரியின் தலையிலோ வில்லியின் தலையிலோ ஏறிக்கொண்டது. பிறகு பக்திப் படங்கள் வந்தன, அவற்றில் நாயகி கடைசிக் காட்சியில் முக்காடு போட்டால் சுபம். இப்போதைய கலைப்படங்களில் அவள் பேசுவதே இல்லை, அவளுக்காக முக்காடுதான் பேசுகிறது. தாடைக்குக் கீழே முடிச்சு என்றால் நாட்டுப்புறம், ஊசி குத்தியிருந்தால் படித்தவள் என்ற என் கண்டுபிடிப்பையும் வெளியிட்டேன். நோராய்னி ஏதோ சொன்னார்.

"அது பாத்தாலே தெரியுமேன்றாங்க" என்றார் வசந்தா.

ஒரு படத்துண்டு போட்டேன். நாயகி தனியறையில் படுக்கையில் முக்காட்டோடு தூங்குகிறாள். ஆன்மாவின் தனிமை என்று விளக்கினேன்.

"அலமாக்!" என்றார் நோராய்னி. கூடம் சிரித்தது. வசந்தா மொழிபெயர்த்தார்: "ரூம்ல தனியாத்தான இருக்கா, அப்புறம் எதுக்கு துடோங்? ஊசியோட தூங்கினா கழுத்துல குத்தாதான்னு கேக்கறாங்க. அப்புறம் இன்னொண்ணு. துருக்கியில துடோங் போட்டவங்க ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்களா? அவங்களுக்கும் ஜோக் சொல்ற ஆளு யாராச்சும் இருப்பாங்கல்ல?"

நான் புன்னகைத்தேன். பாமர ரசனை என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். அப்போது என் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்தேன்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், காரணம் சற்று நேரத்தில் புரிந்துவிடும். நகரத்தில் முக்காடு இல்லாமல் படித்த பெண், அப்பாவின் சாவுக்கு ஊர் திரும்புகிறாள். அம்மாவின் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். பனியில் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடக்கிறாள். நான்கு நிமிடம், ஒரே காட்சி, முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்தது. முக்காடு போட்டதும் அவள் நடையே மாறிவிடுகிறது. தோள் இறங்குகிறது, அடி அகலமாகிறது, வலது கால் சற்று வெளியே விழுகிறது. இதைப் பற்றி நான் எழுதியது பதினோரு பக்கம். "துணியின் எடை நூறு கிராம், அவள் சுமப்பதோ ஒரு தேசம்" என்ற வாக்கியத்தை எழுதிய அன்று நான் இரவுச் சாப்பாட்டை மறந்தேன். புத்தகமே அந்தக் காட்சியின் மேல்தான் நிற்கிறது.

காட்சி ஓடியது. ஒரு நிமிடம் இருக்கும். பின்னாலிருந்து வசந்தாவின் குரல்.

"சார், இது அவங்க இல்லையே."

"யார்?"

"அந்தப் பொண்ணு. இது வேற ஆளு."

வரிசையில் இருந்த தொழிற்சாலைப் பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நோராய்னி திரையைப் பார்த்து நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னார். மொழிபெயர்க்க வசந்தா தயங்கினார்.

"ஆம்பளைன்றாங்க சார்."

நான் பொறுமையோடு விளக்கினேன். நடை மாறியிருப்பதுதான் காட்சியின் பொருளே. துயரமும் வரலாறும் உடம்புக்குள் இறங்கினால் நடை மாறும்.

"என்ன இறங்கினாலும் முட்டி மாறாது சார்" என்றார் வசந்தா.

அதன் பிறகுதான் அவர்கள் வேலை என்ன என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்கலாம். தூசு புகக்கூடாத அறைக்குள் பன்னிரண்டு மணி நேரம். தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, குல்லா, முகமூடி.

"மலாய், தமிழ், சீனம், நேப்பாளம், உள்ள போயிட்டா எல்லாருக்கும் ஒரே துடோங்தான் சார்" என்றார் வசந்தா. "கண்ணு மட்டும் தெரியும். கண்ணாடி போட்டா அதுவும் இல்ல. நாப்பது பேருல யாரு வெளிய போறா, யாரு இன்னும் திரும்பி வரலன்னு பின்னாடி நின்னு பாத்தே நான் சொல்லணும். நடைய வச்சுத்தான் ஆளே."

நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நோராய்னி எழுந்து உத்தரவு போட்டார். நான்கு பேர் வெளியே போனார்கள். எல்லார் வண்டியிலும் மழைக்கோட்டு உண்டு. தலைமூடியோடு தரையைத் தொடும் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவராக எங்களுக்கு முதுகு காட்டிக் கூடத்தைக் கடந்தார்கள்.

வசந்தா கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டே சொன்னார். "பாரதி. சித்தி. மெய்லிங். மறுபடி பாரதி, ஏமாத்தறா. அது எங்க வீட்டுக்காரரு."

அடுத்து என் முறை. ஆட்களை மாற்றிக்கொண்டு மீண்டும் நடந்தார்கள். நான்கைத் தவறவிட்டேன். ஐந்தாவது உருவம் தோள் இறங்கி, வலது கால் சற்று வெளியே விழ, மெல்ல நடந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "காக் நோராய்னி" என்றேன். "பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு தாயின் களைப்பு அந்த நடையில் இருக்கிறது."

நோராய்னி என் பக்கத்து நாற்காலியிலிருந்து என் தோளைத் தட்டினார்.

தலைமூடி விலகியது. குமரேசன். "ஃபுட்சால் பந்து விளையாடறப்போ முட்டி போயிருச்சு சார்" என்றார் மன்னிப்புக் கேட்பது போல.

முப்பத்தைந்து பேரும் சிரித்த சிரிப்பில் கீழே நின்ற ஒரு காரின் அலாரம் அடித்ததாக ஞாபகம். கல்யாண வீட்டுச் சிரிப்பைவிட இது பெரியது.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. படத்தை ஆறு முறை பார்த்த நான், ஒருமுறையும் கடைசிப் பெயர்ப்பட்டியல் வரை உட்கார்ந்ததில்லை. காப்பி ஆறிவிடும். இப்போது ஓட்டிப் பார்த்தோம். நடிகையின் பெயருக்கு வெகு கீழே, ஓட்டுநர்களுக்கும் சமையல்காரருக்கும் நடுவில் ஒரு வரி. கைப்பேசியின் மொழிபெயர்ப்பி அதைப் "பதிலாள், பனிக் காட்சி" என்று காட்டியது. பக்கத்தில் ஒரு பெயர். அது ஆண் பெயர்தான் என்று நோராய்னி உறுதி செய்தார். அவருடைய சித்தப்பா மகனுக்கும் அதே பெயராம்.

பேச்சு அத்தோடு முடிந்தது. வசந்தாவும் மற்றவர்களும் இரவுப் பணிக்குக் கிளம்பினார்கள். கைதட்டல் மட்டும் குறையில்லை. இவ்வளவு நல்ல கூட்டம் இதுவரை நடந்ததே இல்லை என்றார் குமரேசன். எனக்கு ஆறுதல் சொல்ல தே தாரிக் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரில் குழாயைச் செருகி உறிஞ்சிக்கொண்டே சம்பந்தத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் சம்பந்தம். "நம்ம வாசகர் முந்நூறு பேரு. அதுல ஒருத்தரும் சிப்பு ஃபாக்டரியில இல்ல. கண்டுக்காதீங்க."

"முப்பத்தைந்து பேருக்குத் தெரியுமே."

"அவங்க தமிழ்ப் புத்தகம் படிக்கப் போறாங்களா? யோசிங்க. பதினோரு பக்கத்தை எடுத்துட்டா புத்தகம் பஞ்சாங்கம் மாதிரி ஒல்லியாயிடும். மோவாய்ல கை வச்ச படம் வேற போட்டிருக்கேன். அதுக்குக் கீழ தடிமன் வேணும்."

படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒரு தேசத்தைச் சுமந்தவள் என்று நான் எழுதிய ஆள், அந்தப் படக்குழுவில் யாரோ ஒருவர். சுமந்தது ஒருவேளை அன்றைய பேட்டாவாக இருக்கலாம். நடிகைக்குக் குளிரோ காய்ச்சலோ இருந்திருக்கும். இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு முக்காட்டைப் போட்டு அனுப்பினால் என்னைப் போன்றவர்கள் அதற்கு மேல் பார்க்க மாட்டோம் என்று. அந்தச் சதுர கஜத் துணியை ஆறு முறை பார்த்திருக்கிறேன். அதற்குக் கீழே நடந்த ஆளை ஒருமுறையும் பார்க்கவில்லை. முக்காடு போட்ட பெண்களைக் காமிரா பார்ப்பதே இல்லை என்று குற்றம் சாட்டிய புத்தகம் அது.

சரி என்று சொல்லிவிட்டால் என் வாழ்க்கையின் ஒரே கனமான புத்தகம் வெளிவரும். உண்மையை எழுதினால் மறுபடியும் சிரிப்பார்கள். தூக்கம் வரும்வரை இதையே புரட்டினேன். நல்லவேளையாகச் சீக்கிரம் வந்துவிட்டது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குமரேசன் என்னைத் தெப்ராவில் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டார். எழுதுவதென்றால் வசந்தாவிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்பது வரைக்கும் தெளிந்திருந்தேன். ஷிஃப்ட் முடிந்து நூற்றுக்கணக்கான பெண்கள் வந்தார்கள். முக்காடு, ஹெல்மெட், குடை, ஈரத்தலையில் சுற்றிய துண்டு. ஒவ்வொருவர் நடையையும் உற்றுப் பார்த்தேன். எல்லாரும் களைத்துப்போய் வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். அது மட்டும்தான் தெரிந்தது.

"சார், இங்க." பின்னால் வசந்தா. கூடவே நோராய்னி. "வேலியோரமா நீங்க நடந்து வந்தப்பவே தெரிஞ்சிச்சு. எடது கால் செருப்பு கடிக்குதுல்ல?"

கடித்தது. ஒப்புக்கொண்டேன். நடந்ததை நடந்தபடி எழுதட்டுமா, பெயரைப் போடலாமா என்று கேட்டேன். வசந்தா நோராய்னியிடம் கலந்து பேசினார்.

"போடுங்க சார். ஆனா ஆபரேட்டர்னு போட்டுறாதீங்க. லைன் லீடர். நாப்பது பேருக்குப் பொறுப்பு. போன மாசம்தான் குடுத்தாங்க. பதினாலு வருஷம் ஆச்சு. எனக்கு அப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் குடுத்துட்டுத்தான் எனக்குக் குடுத்தாங்க."

நோராய்னிக்கும் ஒரு கேள்வி இருந்தது. வசந்தா மொழிபெயர்த்தார்: "கடைசி வரைக்கும் பாக்க விடாம நாங்க கெடுத்துட்டோம்ல? அந்தப் பொண்ணுக்கு பஸ் கெடைச்சிச்சான்றாங்க."

ஆறு முறை பார்த்தவன் நான். பதினோரு பக்கம் எழுதியவன். வாசலில் நின்று எவ்வளவோ யோசித்தேன், நினைவு வரவில்லை. பேருந்து நிறுத்தத்தை நான் ஒரு குறியீடாகவே வைத்திருந்தேன், அதில் பேருந்து வரும் என்று தோன்றியதே இல்லை.

"தெரியலை" என்றேன்.

நோராய்னி என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார்.

குமரேசன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதினோரு பக்கத்தையும் நீக்கினேன். ஒரு தேசத்தைச் சுமந்த வாக்கியத்தில் மட்டும் விரல் சற்று நேரம் தயங்கியது. பிறகு அதுவும் போயிற்று. மழைக்கோட்டும் முட்டியும் தாயின் களைப்பும் இருந்தபடியே ஏழு பக்கம் எழுதி, ஐந்தரை மணிக்கு அனுப்பினேன்.

ஆறு மணிக்குச் சம்பந்தம் கூப்பிட்டார். முதலில் பேச்சே வரவில்லை, மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஏதும் உடம்புக்கு ஆகிவிட்டதோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"தாயின் களைப்பு! ஐயோ சார். சமையலறையிலேர்ந்து என் பொண்டாட்டி ஓடி வந்துட்டா, என்ன ஆச்சோன்னு. நீங்க எழுதினதுலயே இதான் நல்ல காமெடி. அட்டைய மாத்திடறேன். மோவாய்லேர்ந்து கைய எடுத்துட்டு ஒரு படம் அனுப்புங்க."

யாரும் சிரிக்காத புத்தகம் என்ற என் வைராக்கியம் அந்த நிமிடத்தோடு முடிந்தது. சரி என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு. இந்த லைன் லீடர்ங்கறது நம்ம ஆளுங்களுக்குப் புரியாது. ஆலைத் தொழிலாளின்னு மாத்திடட்டுமா? வேணும்னா ஆபரேட்டர்னு போட்டுக்கலாம்."

"மாத்தக் கூடாது" என்றேன்.

"சும்மா படிக்க வாட்டமா இருக்கும்னுதான்…"

"சம்பந்தம், புத்தகத்தை நிறுத்தணும்னாலும் நிறுத்திக்குங்க. அதை மாத்தக் கூடாது."

"சரி சார், லைன் லீடர்னே இருக்கட்டும்" என்றார். நான் சொன்ன ஒன்றுக்கு அவர் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.